மாமாவின் டாஸ்க்பாரும் இரண்டு துண்டு பிளைவுட்டும்

நான்கு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை, டிசம்பர் 20 சனிக்கிழமை முடிந்தது. தம்புச் செட்டித் தெருவில் மாமா நடத்தும் ஜாப் டைப்பிங் கடையின் புதுக் கம்ப்யூட்டரில், அவர் யாரையும் கூப்பிடாமல் ஒரு முழுநாள் வேலை பார்த்தார். சாயங்காலம் ஆறரைக்கு எனக்கு ஃபோன் செய்து, "இன்னிக்கு எதையும் தேடலடா மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நினைவு பிசகுவதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறேன். வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்கும் யாருக்காவது உதவும்.

மாமாவுக்கு 63 வயது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். ஹைகோர்ட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் கடை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கையால் எழுதிக் கொண்டுவருவதை அஃபிடவிட், மனு, வக்காலத்து என்று அடித்துக் கொடுப்பார். தமிழுக்கு என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறை. இயந்திரத்தில் பழகிய அதே விசைகள், அதே விரல்கள். கீபோர்டை அவர் பார்ப்பதே இல்லை. கண் முழுக்க எதிரே இருக்கும் கையெழுத்துப் பிரதியில்தான்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்தது இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர். விண்டோஸ் 7-இல் தொடங்கி 10-க்கு ஏறி ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அடுத்த மாதமே மழைநாளில் கரண்ட் போய் வந்ததில் மதர்போர்டும் போய்விட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது அதிகாரபூர்வ விதி. அதனால் ரிச்சி தெருவில் ரீஃபர்பிஷ் செய்த எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பார்த்து 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாம் பழையவையே. பழைய ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்ததால் ஃபைல்கள் அத்தனையும் வந்துவிட்டன. நவம்பர் 22 சனிக்கிழமை இரவு மாட்டிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வேளச்சேரி ரயில் ஏறினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் நான்கு ஃபோன். "ஸ்டார்ட் எங்க?" "செண்ட் டு எங்க?" "தமிழ் போட்டா இங்கிலீஷ் வருது." "ஒரு ஃபைல கேட்டா எல்லாத்தையும் ஒண்ணா காட்டுது." நான்காவது ஃபோனில் அவர் கேள்வியோடு நிறுத்தவில்லை. "என் கை நிக்க மாட்டேங்குதுடா" என்றார். நாற்பது வருஷம் விரலை நம்பி வாழ்ந்த மனுஷன் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

முதல் தப்பு அங்கேயே செய்தேன். பழைய கம்ப்யூட்டர் மாதிரி *தெரிந்தால்* சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் போய், பழைய வால்பேப்பரைப் போட்டேன். நிறங்களைப் பழையபடி மாற்றினேன். டெஸ்க்டாப் ஐகான்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. மாமா பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். மறுநாள் அதே நான்கு கேள்விகள் திரும்பி வந்தன. அவருடைய சிக்கல் எது எப்படித் தெரிகிறது என்பதில் இல்லை. எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் இருந்தது.

பழைய கம்ப்யூட்டரில் அவருடைய டாஸ்க்பார், அதாவது ஸ்டார்ட் பட்டனும் திறந்திருக்கும் ஃபைல்களும் வரிசையாக நிற்கும் பட்டை, திரையின் மேல் விளிம்பில் இருந்தது. கை தானாக மேல் இடது மூலைக்குப் போகும், அங்கே ஸ்டார்ட் பட்டன் இருக்கும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து 10 வரை டாஸ்க்பாரை நான்கு பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். நான் இந்த வேலையைச் செய்த நாளில் அந்தக் கம்ப்யூட்டரில் கீழே மட்டும்தான் வைக்க முடிந்தது. ஸ்டார்ட் பட்டனும் நடுவில்.

வியாழக்கிழமை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடத்தில், ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தேன். விண்டோஸ் 11-இன் தொடக்கப் பதிப்பில் அது டாஸ்க்பாரை மேலே தூக்கியது. இதில் அசையவில்லை. மாற்றுவதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயிண்ட் வைத்திருந்ததால் சேதம் இல்லை.

அப்புறம் நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டேன். பழைய டாஸ்க்பாரை அப்படியே உயிர்ப்பித்து மேலே கொண்டுபோய் நிறுத்தும் வகை. பத்து நிமிஷத்தில் முடிந்தது. மாமா முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் நிம்மதி. டிசம்பர் 10 புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஃபோன்: "ஒண்ணுமே இல்லடா. வால்பேப்பர் மட்டும்தான் இருக்கு." முந்தைய நாள் அந்த மாதத்துக்கான பாதுகாப்பு அப்டேட் வந்திருந்தது. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருவதுதான். அப்டேட் உள்ளே எதையோ மாற்ற, இந்த மென்பொருள் கொக்கி மாட்டியிருந்த இடம் காணாமல் போய், டாஸ்க்பாரே வரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் மனுத் தாக்கல் செய்ய ஆட்கள் வரிசையில் நிற்கும் வாரம் அது.

ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோனிலேயே வழி சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க்பார் இல்லாவிட்டாலும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் "ரன் நியூ டாஸ்க்" அமுக்கி, ஆங்கிலத்தில் கன்ட்ரோல் என்று அடித்தால் கன்ட்ரோல் பேனல் வரும். அங்கிருந்து அந்த மென்பொருளை நீக்கி, ரீஸ்டார்ட். இருபத்தைந்து நிமிஷம். மாமா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பின்னால் ஒரு குமாஸ்தா "சார், எனக்குப் பத்தரைக்கு வேணும்" என்று சொல்வது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிழைப்பு நடக்கும் கம்ப்யூட்டரில் இந்த மாதிரிக் கொக்கி போடும் மென்பொருளை இனிப் போடுவதில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் போடுவேன். அது நின்றால் நான் மட்டும்தான் காத்திருக்க வேண்டும்.

அன்று இரவு, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் மேட் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, மறுநாள் கடை மூடும் நேரத்தில் ஓட்டிக் காட்டினேன். மேட் பிறந்த கதையும் இதே மனக்குறைதான். 2011-இல் லினக்ஸின் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோம், 3-ஆம் பதிப்பில் முழுவதும் புது முகத்தோடு வந்தபோது, பழைய க்னோம் 2-இல் பழகியவர்கள் அதன் நிரலைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அதில் பேனலை (டாஸ்க்பார் மாதிரிதான்) மேலே வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் வேர்டுக்குப் பதில் அதில் இருந்த லிப்ரே ஆபீஸில் 14 பக்க மனு ஒன்றைத் திறந்தால் 15 பக்கமாக வந்தது. வரி உடையும் இடம் மாறினால் இண்டெக்ஸில் கொடுத்த பக்க எண் தப்பாகிவிடும். வக்கீல்கள் அனுப்புவதெல்லாம் வேர்டு ஃபைல்கள். அவர் தொழிலுக்கு அது ஒத்துவராது. அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

டிசம்பர் 13 சனிக்கிழமைதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு ஸ்டூல் போட்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, கை எங்கே போகிறது என்று இடது பக்கம், தேடியது உண்மையில் எங்கே இருக்கிறது என்று வலது பக்கம். பதினொன்றிலிருந்து ஒன்று வரை. வாயைத் திறக்கவில்லை, உதவவும் இல்லை. அவர் தடுமாறும்போது கை நீட்டாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் கை மேல் இடது மூலைக்குப் போய்த் திரும்பியது 31 முறை. ஃபைலில் ரைட் கிளிக் செய்து "செண்ட் டு" தேடியது 17 முறை. கட்சிக்காரர்கள் பென்டிரைவ் கொண்டுவருவார்கள், அதில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். தமிழ் என்று நினைத்து அடித்து ஆங்கிலக் குப்பை விழுந்து அழித்தது 6 முறை. தப்பான ஃபைலுக்குத் தாவியது 9 முறை. எல்லாம் எண்ணி முடித்தபோதுதான், ஃபோனில் அவர் கேட்ட நான்கு கேள்விகளும் தனித்தனி நோய்கள் என்பது தெரிந்தது. நான் அத்தனையையும் டாஸ்க்பார் என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தேன்.

மூன்று நோய்க்கு மருந்து விண்டோஸுக்குள்ளேயே இருந்தது.

தப்பான ஃபைல்: அவர் எப்போதும் ஆறு ஏழு வேர்டு ஃபைல் திறந்து வைத்திருப்பார், எல்லாம் கட்சிக்காரர் பெயரில். விண்டோஸ் 11 அவற்றை ஒரே ஐகானுக்குள் அடக்கி, பெயரையும் மறைத்துவிடுகிறது. பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2021-இல் இல்லை, 2023-இல் திரும்பக் கொடுத்தார்கள். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதன் அடியில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அங்கே பட்டன்களை ஒன்றாக்குவது பற்றிய வரியில் "நெவர்". அதே பக்கத்தில் அலைன்மென்ட்டை "லெஃப்ட்" என்று மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்கு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம்.

தமிழ்-ஆங்கிலக் குழப்பம்: எந்த மொழி ஓடுகிறது என்பதைத் தட்டச்சு மென்பொருளின் ஐகான் கடிகாரத்துக்குப் பக்கத்தில் காட்டும். அந்த ஐகானைப் புது விண்டோஸ் ஒரு சின்ன அம்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருந்தது. மாமா அந்த ஐகானைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. கண் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது, இப்போது படவில்லை. டாஸ்க்பார் செட்டிங்ஸில் "அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்" பகுதியில் அதையும் பென்டிரைவைக் கழற்றும் ஐகானையும் ஆன் செய்தேன்.

செண்ட் டு: ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கியபோது இதை "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கட், காப்பி, ரீநேம் எல்லாம் மெனுவில் தனி வரிகளாக இல்லாமல் ஒரே வரிசையில் குட்டிப் படங்களாகிவிட்டன. அந்த வரிசையும் மவுஸ் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு சமயம் மெனுவின் மேலே, ஒரு சமயம் கீழே வருகிறது. கைப்பழக்கத்தில் வேலை செய்பவருக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். ஆனால் மாமாவின் இடது கை பாதி நேரம் பிரதியின் வரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் ரெஜிஸ்ட்ரியில் பழைய மெனுவையே வழக்கமாக்கும் ஒரு பதிவைச் சேர்த்தேன். முதலில் ரெஜிஸ்ட்ரியைப் பென்டிரைவில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டுத்தான் தொட்டேன். இது வேறு மென்பொருள் எதையும் உள்ளே விடுவதில்லை. கெட்டாலும் புது மெனு வரும், வேலை நிற்காது.

மிச்சம் இருந்தது அந்த 31 முறை. டாஸ்க்பார் ஏன் மேலே இருந்தது என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. கேட்டபோது மாமாவும் "அப்பலேர்ந்து அங்கதான் இருக்கு" என்றார். சாப்பிட எழுந்து போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த அந்த நொடியே புரிந்துவிட்டது. கீழே டாஸ்க்பார் தெரியவே இல்லை.

கீபோர்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் ஒரு மரச் சட்டம் நிற்கிறது. பிரதியைச் சாய்த்து வைக்கும் தாங்கி, டைப்ரைட்டர் காலத்தில் அவரே ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. கீழ்ப்பட்டையில் தாள் நழுவாமல் இருக்கப் பித்தளைக் கம்பி. அவர் பெருவிரல் பட்டுப் பட்டு வலது மூலையில் மட்டும் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருக்கிறது. சிறு வயதிலிருந்து அதைப் பார்க்கிறேன். அது திரையை மறைக்கிறது என்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. நின்றுகொண்டு செட்டிங்ஸ் மாற்றும்போது அது தெரியாது. உட்கார்ந்தால், அதுவும் அவர் உயரத்துக்கு உட்கார்ந்தால், தாங்கியின் மேல் விளிம்பு திரையின் அடிப்பகுதியை விழுங்கிவிடுகிறது. பல வருஷத்துக்கு முன் யாரோ டாஸ்க்பாரை மேலே தூக்கி வைத்தது இதற்காகத்தான். காரணம் மறந்துபோய்ப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

எத்தனை பேர் மேசையில் இப்படி ஒரு தாங்கி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "இந்த வசதியை ரொம்பக் கொஞ்சம் பேர்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று ஒன்றை எடுத்துவிடுபவர்களுக்கு அந்தக் கொஞ்சம் பேரின் மேசை தெரிவதில்லை. மூன்று வாரம் அதே கடைக்குள் நின்ற எனக்கே தெரியவில்லை.

சரி, அளந்தேன். அவர் கண் உயரத்தில் பார்த்து, தாங்கி மறைக்கும் கோட்டில் மானிட்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். திரையின் கீழ் விளிம்பிலிருந்து 22 மி.மீ. மறைகிறது. 21.5 அங்குல மானிட்டர், 1080 வரிகள். ஒரு பிக்சல் ஏறக்குறைய கால் மி.மீ. விண்டோஸ் 11 டாஸ்க்பாரின் உயரம் 48 பிக்சல், அதாவது 12 மி.மீ. முழுசாக உள்ளே போய்விட்டது.

தாங்கியைக் குட்டையாக்கலாமா என்று கேட்டேன். "அதுல கை வைக்காத" என்றார். நியாயம்தான். அப்படியானால் மானிட்டரை உயர்த்த வேண்டும். டைப்பிங் கடையில் அளவுக்கட்டைக்குப் பஞ்சமில்லை: 500 தாள் ரீம் ஒன்று கிட்டத்தட்ட 5 செ.மீ. உயரம். இரண்டு ரீம் வைத்தேன். டாஸ்க்பார் பளிச்சென்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை கழுத்து வலி என்றார். அவர் போடுவது பைஃபோகல் கண்ணாடி. கிட்டப் பார்க்கும் பகுதி லென்ஸின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை உயர உயர, அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். மானிட்டர் கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்ற பொது விதி பைஃபோகல்காரர்களுக்கு உதவாது. தேவையான அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் தூக்கக் கூடாது.

நடுவில் இன்னொன்றும் முயன்றேன். ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் பத்து வரி எழுதி, மவுஸ் மேல் இடது மூலையைத் தொட்டால் ஸ்டார்ட் மெனு திறக்கும்படி செய்தேன். சரியாக வேலை செய்தது. ஆனால் மெனு திறப்பதோ கீழ் இடது மூலையில். "மேல தட்டுனா கீழ தொறக்குது" என்றார் மாமா. கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஒரே நாளில் எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பெரியமேட்டில் ஒரு பிளைவுட் கடையில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டு, 30க்கு 22 செ.மீ. அளவில் வெட்டி வாங்கினேன். வெட்டுக்கூலியோடு 140 ரூபாய். ஒரு துண்டு போதாது, 4 மி.மீ. மறையும். இரண்டு என்றால் 36 மி.மீ. தேவையான 22 போக 14 மி.மீ. தாராளம், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாலும் தெரியும். ஃபெவிகால் தடவி, மேலே இரண்டு ரீமை ஏற்றி ஒரு இரவு விட்டேன். மறுநாள் 120 நம்பர் உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, அடியில் நான்கு ரப்பர் புஷ் ஒட்டினேன். புஷ் 40 ரூபாய், உப்புத்தாளும் டேப்பும் 35. மொத்தம் 215. புஷ்ஷின் உயரம் 3 மி.மீ. என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். ஆக உண்மையான உயரம் 39. கழுத்து வலி என்று இதுவரை சொல்லவில்லை. சொன்னால் புஷ்ஷைக் கழற்றிவிடுவேன்.

சனிக்கிழமை மறுபடி ஸ்டூல், நோட்டு, அதே பதினொன்று முதல் ஒன்று. மேல் மூலைக்குக் கை போனது 8 முறை. போன வேகத்திலேயே திரும்பி வந்தது. செண்ட் டு, தமிழ் ஐகான், தப்பு ஃபைல் மூன்றும் சுழியம். டாஸ்க்பார் மேலே வரவில்லை. அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை என்பதில் எனக்கு இன்னும் குறை உண்டு. கீழே இருக்கிறது, ஆனால் தெரிகிறது. தெரிந்தால் கை பழகிவிடுகிறது.

அடுத்த முறை சில விஷயங்களை மாற்றிச் செய்வேன். பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே திரையை ஃபோட்டோ எடுத்து வைப்பேன். மாமா விஷயத்தில் அது செத்துப்போன பிறகு பாதியை ஞாபகத்திலிருந்து தேட வேண்டியிருந்தது. செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்வேன், அதற்கும் முன் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். கோர்ட் விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் எதையும் மாற்ற மாட்டேன். செய்த மாற்றங்களைத் தேதியோடு ஒரு தாளில் அடித்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். இது முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அந்தத் தாளை மாமாவே அடித்துக் கொடுத்தார், மனு மாதிரி மார்ஜின் விட்டு, பத்திகளுக்கு எண் போட்டு.

மாஸ்கிங் டேப் இன்னும் மானிட்டர் ஓரத்தில் இருக்கிறது. எடுக்கப் போனேன். "இருக்கட்டும், அடுத்த கம்ப்யூட்டர் வரும்போது வேணும்" என்றார்.